பன்னிரண்டு இலக்கமும் ஒரு அட்டையும்
(கிராமத் தம்பதியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

முன்பெல்லாம் கிராம சுகாதார செவிலியர் பெரிய பெரிய நோட்டுகளைச் சுமந்துகொண்டு வீடு வீடாக வருவார். தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு ஒன்று, கர்ப்பிணிகள் பதிவேடு ஒன்று, தடுப்பூசிப் பதிவேடு ஒன்று. யாருக்கு எத்தனை குழந்தை, எந்த ஊசி பாக்கி என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆனால் அந்த நோட்டு ஊரை விட்டு நகராது.

நாம் நகருகிறோமே! தேனி, மதுரைப் பக்கமிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்து, பல்லடத்திலோ அவிநாசியிலோ லைன் வீட்டில் குடியிருக்கிறோம். வாடகை கூடினால் வேறு ஊர். வளைகாப்பு முடிந்தால் தாய்வீடு. ஏழு மாதம் பார்த்த நர்சம்மா இங்கே. பிரசவம் பார்க்கப் போகிற டாக்டரம்மா அங்கே. நடுவில் நடந்ததை அவருக்கு யார் சொல்வது?

அதற்காகத்தான் இப்போது பதிவு கம்ப்யூட்டரில் ஏறுகிறது. ‘பிக்மி’ என்று சொல்கிறோமே, அதுதான். பதிவு செய்ததும் 12 இலக்க எண் கிடைக்கும். தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இந்த எண் வேண்டும். பிறப்புச் சான்றிதழுக்கு 2017 முதல் கேட்கிறார்கள். 1987-ல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் இதுவே ஆதாரம்.

ஆனால் பணத்தையும் சான்றிதழையும் விடப் பெரியது உயிர். நடுராத்திரியில் வலி எடுத்து, தெரியாத ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். ரத்த அளவு 11 கிராமுக்குக் கீழே இருந்தால் சோகை. 7-க்கும் கீழே போனால் ஆபத்தான சோகை. இது முன்பே தெரிந்தால் டாக்டர் ரத்தம் ஏற்பாடு செய்துகொண்டு காத்திருப்பார். முதல் குழந்தை ஆபரேஷனா, ரத்த அழுத்தம் 140/90-ஐத் தாண்டியதா, ரத்த வகை நெகட்டிவா என்பதும் தெரிய வேண்டும். பிரசவத்தில் ரத்தப்போக்கு ஏற்பட்டால் தேடிக்கொண்டிருக்க நேரம் கிடையாது.

“கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சே, இனி அட்டை எதுக்குங்க?” என்று சிலர் கேட்கிறார்கள். கரண்ட் போகும், நெட் கிடைக்காது. தாய் சேய் நல அட்டை பையில் இருந்தால் எந்த இருட்டிலும் படிக்கலாம். இரண்டும் வேண்டும்.

இன்னொன்று. நாம் சொன்னதுதான் கம்ப்யூட்டருக்குத் தெரியும். தப்பாகச் சொன்னால் தப்பாகத்தான் காட்டும். ஆகவே:

1. நாள் தள்ளிப்போனதுமே, 12 வாரத்துக்குள் பதிவு செய்யுங்கள். கடைசி மாதவிலக்குத் தேதியைச் சரியாகச் சொல்லுங்கள். பிரசவத் தேதியைக் கணக்கிடுவதே அதை வைத்துத்தான்.

2. உங்கள் கையில் இருக்கிற போன் நம்பரையே கொடுங்கள். மேஸ்திரி நம்பரும், நிறுத்திவிட்ட பழைய சிம்மும் உதவாது. நம்பர் மாறினால் நர்சம்மாவிடம் மாற்றச் சொல்லுங்கள்.

3. முன்பு கரு கலைந்தது, வலிப்பு, சர்க்கரை எதையும் மறைக்காதீர்கள். மாமியார் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் நர்சம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

4. தாய்வீடு போகுமுன் இங்குள்ள நர்சம்மாவிடம் சொல்லுங்கள். அங்கே போனதும் அந்த ஊர் துணை சுகாதார நிலையத்தில் எண்ணைக் காட்டுங்கள்.

5. “பணம் வந்திருக்கிறது, ஓ.டி.பி. சொல்லுங்கள்” என்று முகம் தெரியாதவர் போனில் கேட்டால் சொல்லாதீர்கள். வைத்துவிட்டு நர்சம்மாவை விசாரியுங்கள்.

சகோதரர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. “அதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம்” என்று விட்டுவிடாதீர்கள். வலி வந்த நேரத்தில் மனைவியால் பேச முடியாமல் போகலாம். அப்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். மனைவியின் ரத்த வகை, பிரசவத் தேதி, பிக்மி எண் மூன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அட்டையின் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

குழந்தை பிறந்ததும் 21 நாளுக்குள் பிறப்பைப் பதியுங்கள். ஊசி போடப் போகும் ஒவ்வொரு தடவையும் அட்டை கூடவே வரட்டும். ஊர் மாறினாலும் ஊசி விட்டுப்போகக் கூடாது.

வேலை எந்த ஊருக்கு இழுத்தாலும், தாயும் பிள்ளையும் நலமாயிருக்க வேண்டும். எண்ணை நினைவில் வையுங்கள், அட்டையைக் கையில் வையுங்கள்.