பேசாத நடிகர்



இன்று உங்களிடம் ஒரு கோமாளியைப் பற்றிப் பேச விழைகின்றேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் பணியாற்றிய ஒருவருக்கு வானொலியில் பேச வேறு பொருள் கிடைக்கவில்லையா என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நானும் ஒரு காலத்தில் அவ்வாறு எண்ணியவனே. அவ்வெண்ணத்தைத் திருத்தியவன் என் மாணவன் ஒருவன். அவனைப் பற்றிப் பின்னர்ச் சொல்லுகின்றேன். முதலில் அக்கோமாளியை அறிந்துகொள்வோம்.

சார்லி சாப்ளின் 1889-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் பிறந்தவர். இலண்டன் மாநகரின் தென்பகுதியில் வறுமையில் வளர்ந்தவர். தாய், தந்தை இருவரும் மேடைப் பாடகர்கள். தந்தையார் குடியினால் அழிந்தார். தாயார் மனநோய்க்கு ஆளானார். 1896-இல், ஏழு வயதிலேயே, ஏழையர் விடுதியின் வாயிலை மிதிக்கும் நிலை அச்சிறுவனுக்கு ஏற்பட்டது. மேடையே அவரைக் காப்பாற்றியது. 1908-இல் பிரெட் கார்னோ என்பாரின் நகைச்சுவைக் குழுவில் சேர்ந்து, 1910-இலும் 1912-இலும் அக்குழுவினருடன் அமெரிக்கா சென்றார். சொல்லைக் குறைத்து உடலசைவினால் கதை சொல்லும் பயிற்சியை அக்குழுவில்தான் பெற்றார்.

1913-ஆம் ஆண்டின் இறுதியில், வாரம் 150 டாலர் ஊதியத்தில், கீஸ்டோன் படக் கம்பெனி அவரை அமர்த்தியது. அடுத்த பிப்ரவரியிலேயே உலகம் அவரது நாடோடி வேடத்தைக் கண்டது. அவ்வேடத்தைச் சற்று உற்று நோக்குங்கள். தொளதொளத்த காற்சட்டையும் கிழிந்த பெரிய காலணியும் இரவலன் ஒருவனுடையவை. தொப்பியும் கைப்பிரம்பும் கனவான் ஒருவனுடையவை. வயிறு பசித்தாலும் மானத்தை விடாத மனிதன் அவன் என்பதை அவ்வுடையே சொல்லிவிடுகிறது. வாய் திறக்கத் தேவையில்லை.

பிறர் சொற்படி நடிப்பதில் அவருக்கு மனநிறைவு ஏற்படவில்லை. தாமே இயக்க வேண்டும் என்றார். படம் வெளியிடத் தகாததாயின் ஈடு செய்வதாகத் தம் சேமிப்பிலிருந்து 1,500 டாலரைப் பிணையாகக் கூறினார். 1914-ஆம் ஆண்டு பாதி கழிவதற்குள் அவர் இயக்குநராகிவிட்டார். 1916-இல் மியூச்சுவல் கம்பெனி அவருக்கு வாரந்தோறும் அளித்த ஊதியம் 10,000 டாலர்!

இவ்வளவு விரைவான புகழுக்குக் காரணம் என்ன? அக்காலத்து அமெரிக்க நகரங்களில் இத்தாலி, போலந்து, உருசியா முதலிய நாடுகளிலிருந்து வந்த உழைப்பாளிகள் திரளாக வாழ்ந்தனர். அவர்களுட் பலர் ஆங்கிலம் அறியாதவர். புத்தகமும் மேடை நாடகமும் அவர்களுக்கு மூடிய கதவுகள். ஐந்து சென்ட் கொடுத்துக் காணும் ஊமைப்படமோ எவரிடமும் மொழி கேட்கவில்லை. வேற்று நாட்டிலிருந்து வந்த ஒருவர், வேற்று நாட்டினராய் வாழ்ந்தவர்களுக்கு, மொழியின்றியே கதை சொன்னார்.

1917-இல் வெளிவந்த 'குடியேறி' என்னும் குறும்படம் இதற்குச் சான்று. ஆடும் கப்பலில் உணவுத் தட்டு மேசையின் இருபுறமும் வழுக்கி ஓட, எதிரெதிரே அமர்ந்த இருவர் மாறி மாறி ஒரே தட்டில் உண்கின்றனர்; நாம் சிரிக்கின்றோம். தொலைவில் சுதந்திர தேவியின் சிலை தோன்றுகிறது. எல்லாரும் வாய்மூடி நோக்குகின்றனர். அக்கணமே அதிகாரிகள் வந்து அவர்களைக் கயிற்றினால் மந்தைபோல் மடக்கி நிறுத்துகின்றனர். சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

இப்படம் உருவான முறையும் மாணவர்களாகிய நீங்கள் அறியத்தக்கது. சாப்ளின் முதலிற் படமாக்கியது கப்பலையன்று. ஓர் உணவு விடுதிக் காட்சியையே. கையிற் காசில்லாத ஒருவன், முரட்டுப் பரிசாரகனுக்கு அஞ்சி நடுங்கும் காட்சி அது. பரிசாரகனாக நடித்தவரிடம் போதிய அச்சந்தரும் தோற்றமில்லை என்று கண்டு, வேறொருவரை வைத்து மீண்டும் எடுத்தார். பின்னரே, இவ்வேழையும் இப்பெண்ணும் யார், எங்கிருந்து வந்தனர் என்ற வினாவிற்கு விடையாகக் கப்பற் காட்சிகள் பிறந்தன. கட்டுரையின் நடுப்பகுதியை எழுதிய பின் அதற்குரிய தொடக்கத்தைக் கண்டடைவது போன்றது இது. எழுதியதை அடிப்பதற்கு நாணுகின்ற மாணவர் இதை நினைவிற் கொள்க.

இனி என் மாணவனைப் பற்றிச் சொல்லுகின்றேன். அவன் வடக்கிலிருந்து மாற்றலாகி வந்த புகைவண்டித் துறை ஊழியர் ஒருவரின் மகன். தமிழ் அறியான், கேட்டால் தலை குனிவான். கடைசி வரிசையில் அவனை அமர்த்தியவன் நான். அறிவிற் குறைந்தவன் என்று முடிவு கட்டி, ஒரு வகுப்பு கீழே இறக்குமாறு அவன் தந்தைக்குக் கடிதமும் எழுதி வைத்தேன். அவ்வாரத்தில் பள்ளியில் இந்தக் 'குடியேறி' படம் திரையிடப்பட்டது. மறுநாள் இடைவேளையில் வகுப்பறையிலிருந்து பெருஞ்சிரிப்பொலி கேட்கவே, கண்டிக்கும் எண்ணத்துடன் சென்றேன். அச்சிறுவன் நடித்துக்கொண்டிருந்தான். கப்பல் ஆடியது, தட்டு வழுக்கியது, காசு பையின் ஓட்டை வழியே விழுந்தது. ஒரு நிகழ்ச்சியும் விடுபடவில்லை; வரிசையும் பிறழவில்லை. கயிறு கட்டும் இடம் வந்ததும் அவன் அசையாது நின்றான். வகுப்பு முழுவதும் அமைதியாயிற்று.

அவனுக்கு அறிவில்லை என்றா நான் எழுதினேன்? அவனிடம் இல்லாதது என் மொழி ஒன்றே. கடிதத்தை அனுப்பவில்லை, அவனை முதல் வரிசைக்கு அழைத்தேன். ஆயினும், கடைசி வரிசையில் அவன் கழித்த மூன்று மாதங்களை என்னால் அவனுக்குத் திருப்பித் தர இயலவில்லை. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நான் கற்காத பாடம் அது.

பேசும்படம் வந்த பின்னரும் சாப்ளின் தம் நாடோடியைப் பேசவிட மறுத்தார். 1931-இல் வெளியான 'நகர விளக்குகள்' படத்தில், கண்ணில்லாப் பூக்காரி அவனைச் செல்வன் என்று தவறாக எண்ண வேண்டும். ஓசையில்லாப் படத்தில் இதை எவ்வாறு காட்டுவது? காரின் கதவு சாத்தப்படுவதைக் கேட்டு அவள் அவ்வாறு எண்ணுவதாக அமைத்தார். அச்சிறு காட்சியை நூற்றுக்கணக்கான முறை எடுத்தார் என்பர். தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எண்ணும்போது நகையை முதலிலும், அழுகையை அதனை அடுத்தும் வைத்தார். அவ்விரண்டும் எத்துணை நெருங்கிய அண்டை வீட்டார் என்பதை இப்படத்தின் இறுதிக் காட்சியிற் காணலாம். 1936-இல் 'நவீன காலம்' படத்தில் நாடோடியின் குரல் முதன்முறை கேட்டது. அப்போதும் அவன் பாடியது எந்நாட்டு மொழியும் அன்று, பொருளற்ற ஒலிகளே! 1940-இல் 'மாபெரும் சர்வாதிகாரி' படத்தில்தான், இட்லரின் கொடுமையை எதிர்த்து, சாப்ளின் முழுக்கப் பேசினார்.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அமெரிக்காவில் வாழ்ந்தும் அவர் அந்நாட்டுக் குடியுரிமையைப் பெறவில்லை. பொதுவுடைமை அச்சம் மிகுந்திருந்த 1952-ஆம் ஆண்டு செப்டம்பரில், 'லைம்லைட்' படத்தின் வெளியீட்டிற்காக அவர் இலண்டனுக்குக் கப்பலிற் சென்றுகொண்டிருந்தபோது, திரும்பி நுழைவதற்கான அனுமதியை அமெரிக்க அரசு நீக்கியது. திரையில் அவர் காட்டிய கயிறு, முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அவர் முன்னேயே கட்டப்பட்டது. சுவிட்சர்லாந்தில் குடியமர்ந்தார். 1972-இல் சிறப்பு ஆஸ்கர் விருது பெறுவதற்காக மீண்டும் அமெரிக்கா சென்றபோது, அவையினர் எழுந்து நின்று பல நிமிடங்கள் கைதட்டினர். 1977-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று காலமானார்.

நண்பர்களே, உங்களுட் பலர் நாளை வேற்றூருக்கும் வேற்று நாட்டிற்கும் செல்வீர்கள்; அங்கே மொழியறியாது நிற்கும் நாளும் வரலாம். அதற்கு முன், இன்றே உங்கள் வகுப்பின் கடைசி வரிசையைத் திரும்பிப் பாருங்கள். அங்கே பேசாதிருக்கும் ஒருவனிடம் சொல்லத்தக்கது ஏதும் இல்லை என்று, நான் எண்ணியதுபோல், எண்ணிவிடாதீர்கள்.