நைஸ் வந்த வழி

தோசை மாவை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் நைசா அரைக்கணும்" என்பார் பாட்டி. ஆங்கிலத்தில் 'நைஸ்' என்றால் இனிமையான, நல்ல என்றுதானே படித்தோம்?

அதன் வேர் லத்தீன். அங்கே 'அறியாத' என்று பொருள். 14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒருவரை நைஸ் என்றால், முட்டாள் என்று சொன்னதாக அர்த்தம்! பிறகு கூச்சம், நாசூக்கு, நுணுக்கம் என்று நகர்ந்து, 18ஆம் நூற்றாண்டில்தான் இனிமைக்கு வந்தது. எதற்கெடுத்தாலும் நைஸ் என்பதை ஜேன் ஆஸ்டினின் 'நார்தாங்கர் அபே' நாவலில் ஹென்றி டில்னி கிண்டல் செய்வார்.

பழைய பொருள் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. 'நைஸ் டிஸ்டிங்ஷன்' என்றால் நல்ல வேறுபாடு அல்ல, நுட்பமான வேறுபாடு. பாட்டி கேட்பதும் அந்த நுண்மையைத்தான்.