துணை இழந்தார் மறுமணம்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



துணை இழந்தார் மறுமணம் பற்றிச் சில கூறுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். மங்கலமும் அமங்கலமும் ஒருங்கே வரும் பொருளாதலின் இதனை அவையிற் பேசப் பலர் நாணுவர். ஆயினும், துணையிழந்து தனித்திருப்பார் ஒருவரேனும் இல்லாத குடும்பம் நம்முள் அரிது. ஆதலின் பேசாது விடுதல் தகாது.

முதற்கண் நம் பழந்தமிழ் நூலை நோக்குவோம். தொல்காப்பியனார், நிலையாமை பற்றிய காஞ்சித் திணையில், துணையிழந்தார் நிலையை இரு துறைகளாக வகுத்தார். ஆடவன் நிலைக்குத் தபுதார நிலை என்றும், பெண்ணின் நிலைக்குத் தாபத நிலை என்றும் பெயர். தபுதல் இறத்தல், தாரம் மனைவி, தாபதம் தவநோன்பு. ஆகவே ஒரே துயர்க்கு ஆடவன்பால் இழப்பு என்றும் பெண்பால் நோன்பு என்றும் பெயர் அமைந்தது. இழப்புக் காலத்தால் ஆறும். நோன்போ உயிருள்ளளவும் நீளும்.

மற்றொன்றும் நோக்கற்பாலது. அந்நூலார் இறந்தாரை மனைவி, கணவன் என்னாது காதலி, காதலன் என்றே சுட்டினார். இழந்தது இல்லத்திற்கு வேண்டிய ஓர் ஆள் அன்று. அன்பிற்குரிய ஓர் உயிர். புறநானூற்றில் சேரமான் மாக்கோதை, மனைவியை ஈமத்தில் இட்ட பின்னும் தான் உயிரோடிருத்தலை எண்ணி நைந்தான். பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு, கைம்மை நோன்பினும் தீயே நன்றென அதனுட் புகுந்தாள். நெஞ்சு நைந்தது இருவர்க்கும் ஒன்றே; வாழும் வழி ஒருவர்க்கே இருந்தது.

இற்றை நாள் வழக்கைக் காண்மின். மனைவி இறந்து ஆண்டுத் திதி வருமுன்னரே ஆடவனுக்குப் பெண் தேடத் தொடங்குகின்றோம். அடுப்பெரிக்க ஆள் வேண்டும்; பிள்ளைகட்குச் சோறிட ஆள் வேண்டும் என்கின்றோம். இரண்டாந்தாரமாய் வருபவளும் அன்பிற்கு உரியவள் என எவரும் எண்ணுவதில்லை. கைம்பெண்ணுக்கோ அவ்வழியும் இல்லை. தன் மகள் திருமணத்திலும் அவள் தூண் மறைவில் நிற்கின்றாள். ஒருவர்க்கு மணம் போதும், அன்பு வேண்டா என்கின்றோம். மற்றவர்க்கு இரண்டும் வேண்டா என்கின்றோம். இவ்விரு பிழைக்கும் வேர் ஒன்றே. துணையிழந்தார் நெஞ்சில் அன்பு மீண்டும் தளிர்க்கும் என்பதை நாம் ஏற்பதில்லை.

கைம்பெண் மணம் நமக்கு ஒவ்வாத புதுமை என்பாரும் உளர். தமிழ்நாட்டுக் குலங்கள் பலவற்றில் அறுத்துக்கட்டுதல் என்னும் பெயரால் அது முன்பே வழக்கில் இருந்தது. பிறர் அதனைக் காட்டி இழித்துரைக்கவே, உயர்வு நாடிய குலத்தார் பலர் அதனைக் கைவிட்டனர். அவ்வுயர்வுக்கு விலையாகக் கொடுக்கப்பட்டது பெண்மக்களின் வாழ்வு. குலத்தின் பெருமைக்கெனச் சங்கம் கண்ட நாம் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இனி, நெறி தவறாது மறுமணம் செய்து வாழ்ந்தார் ஒருவர் வரலாறு கேண்மின். மராட்டிய நாட்டில் தோண்டோ கேசவ கார்வே என்பவர் பூனா பெர்கூசன் கல்லூரியிற் கணிதம் கற்பித்தவர். 1891-இல் அவர் மனைவியார் இராதாபாய், ஓர் ஆண்மகவை விட்டு இறந்தார். மீண்டும் மணப்பதாயின் கைம்பெண்ணையே மணப்பது எனக் கார்வே துணிந்தார். அவருடைய நண்பரின் தமக்கை தங்கையருள் கோதுபாய் என்பவர் குழந்தைப் பருவத்தே கைம்மை எய்தியவர். பண்டித இரமாபாயின் சாரதா சதனத்திற் கல்வி பயின்றவர். 1893-இல் இருவரும் மணந்தனர்; கோதுபாய் ஆனந்திபாய் ஆயினார். கார்வே வளர்ந்த முருடு என்னும் ஊரார் அவரை விலக்கி வைத்தனர். இருவரும் தளர்ந்திலர். 1896-இல் கைம்பெண்கட்கு ஓர் இல்லம் கண்டார் கார்வே. அதற்குப் பொருள் திரட்ட ஆனந்திபாயும் உழைத்தார். 1916-இல் பெண்கட்கெனப் பல்கலைக்கழகம் தோன்றியது. ஐம்பதாண்டிற்கு மேல் நீண்ட இல்லறம் அது. 1958-இல் நாடு கார்வேக்குப் பாரத ரத்தினம் அளித்தது. இரண்டாம் மணம் முதல் மணத்தின் நிழலாய் ஒழியாது என்பதற்கு இஃதொன்றே சாலும்.

சட்டமும் இன்று தடையாக இல்லை. ஈசுவர சந்திர வித்தியாசாகரரின் முயற்சியால் 1856-இல் கைம்பெண் மறுமணச் சட்டம் பிறந்தது. மணம் செல்லும் என்ற அச்சட்டமே, முதற்கணவன் சொத்தில் அவட்குரிய உரிமை போம் என்றும் விதித்தது. அது 1983-இல் நீக்கப்பட்டது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, கணவன் இறந்தபொழுது மனைவிக்கு வந்தெய்திய பங்கு அவள் பின்னர் மணந்தமையால் நீங்குவதன்று. சொத்துப் போம் என அச்சுறுத்துவார் சொல்லைக் கேளாதீர்.

இறந்தார்க்கு இரண்டகம் ஆகாதோ எனின், ஆகாது. இரண்டாம் பிள்ளை பிறந்தமையால் தாய்க்கு முதற்பிள்ளைபால் அன்பு குறைவதில்லை. முதல்வரை அடியோடு மறந்தவரிடத்து இரண்டாமவர்தாம் எதனை நம்பி வருவர்?

பிள்ளைகள் நிலையே அரியது. ஆசிரியராதலின் இதனை யாம் நன்கறிவோம். பெற்ற தந்தையின் தலைப்பெழுத்தைப் பிள்ளையின் பெயரினின்று நீக்க விரையாதீர். புதிதாய் வந்தாரை முதல் நாளே அப்பா என்றோ அம்மா என்றோ அழைக்குமாறு வற்புறுத்தாதீர். அச்சொல் தானே வரும், வாராது போயினும் குற்றமில்லை. இறந்தார் படத்தைச் சுவரினின்று கழற்றாதீர். பாட்டன் பாட்டியார் வீட்டிற்குப் பிள்ளை சென்று வரும் வழியை அடைக்காதீர். பிள்ளைகட்குரிய சொத்தை மணத்திற்கு முன்னரே எழுத்தில் அமைத்தல் நலம். இவை செய்யப்பெற்ற இல்லத்துப் பிள்ளை வகுப்பறையிற் சிரித்த முகத்தோடு அமரும்.

மறுமணம் வேண்டாதாரை வற்புறுத்துக என்று யாம் கூறவில்லை. பெண்ணின் பெருமை எழுதிய திரு.வி.க. 1918-இல் மனைவியார் கமலாம்பிகையை இழந்தபின், 1953-இல் மறையுமளவும் மணவாமலே வாழ்ந்தார். அதுவும் அன்பின் நெறியே. அவர் தாமே தேர்ந்த தனிமை அது, ஊரார் விதித்ததன்று. தனித்திருத்தலும் மணத்தலும் அவரவர் உளத்தின்பாற்பட்டன ஆதல் வேண்டும்.

ஆதலின் சங்கத்தார்க்கு மூன்று விண்ணப்பம் செய்கின்றோம். வரன் பதிவேட்டில் துணையிழந்த ஆடவர்க்கும் மகளிர்க்கும் ஒப்ப இடம் வகுக்க. அவர்கள் ஒருவரை ஒருவர் கண்டு, பேசி, உளம் பொருந்திய பின்னரே பெரியோர் நாள் குறிக்க. நம் குலத் திருமணங்களிற் கைம்மை எய்திய தாயே முன்னின்று மக்களை வாழ்த்துக. மூன்றாவதற்குப் பொருட்செலவும் இல்லை, தீர்மானமும் வேண்டா. அடுத்த முகூர்த்தத்திலேயே நம் வீட்டுப் பந்தலில் அதனைத் தொடங்கலாம்.