வயிற்றில் வார்த்த பால்

அச்சம் வந்துற்றபோது, “வயிற்றில் புளியைக் கரைக்கிறது” என்கிறோம். அது நீங்கும்படி ஒருவர் நற்செய்தி கொணர்ந்தால், “வயிற்றில் பால் வார்த்தீர்கள்” என்று அவரை வாழ்த்துகிறோம். பொறாமைக்கு வயிற்றெரிச்சல் என்று பெயர் வைத்திருக்கிறோம். பிள்ளையைப் பறிகொடுத்த தாய், “பெற்ற வயிறு பற்றி எரிகிறதே” என்று அரற்றுகிறாள். மனத்தின் துன்பத்தைச் சொல்ல வந்த நம் மொழி ஏன் வயிற்றைச் சுட்ட வேண்டும்? இது வெறும் சொல்லணிதானா? அன்றி, உடம்பின் இயல்பை உற்று நோக்கியவர்கள் கண்ட உண்மையா?

இவ்வினாவை எனக்குள் முதன்முதலில் எழுப்பியவன் ஒரு மாணவன். நான் தலைமையாசிரியராக இருந்த ஒரு பள்ளியில், ஆண்டுத் தேர்வு நாளன்று காலையில், வயிறு வலிக்கிறது என்று சொல்லி என் அறை வாயிலில் வந்து நின்றான். கணக்குத் தேர்வுக்கு அஞ்சிச் சொல்லும் சாக்கு என்று எண்ணினேன். கடிந்து பேசித் தேர்வுக் கூடத்துக்கு அனுப்பினேன். அரைமணி நேரங்கூடக் கழியவில்லை. விடைத்தாளின் மேலேயே அவன் வாந்தி எடுத்துவிட்டான். அவன் தேர்வுக்கு அஞ்சினான் என்பது மெய். வயிறு வலித்தது என்பதும் மெய். ஒன்று மெய்யானால் மற்றொன்று பொய்யாக வேண்டும் என்று நான் நினைத்ததே பிழை.

இப்போது காலம் மாறியிருக்கிறது. குடலுக்கு நன்மை செய்யும் நுண்ணுயிர்களை உறையில் அடைத்தும் பொடியாக்கியும் மருந்துக் கடைகளில் விற்கிறார்கள். இவற்றை உட்கொண்டால் மன அழுத்தம் தணியும் என்றும் சொல்லப்படுகிறது. தேர்வுக் காலத்தில் பிள்ளைகளுக்கு இவற்றை வாங்கிக் கொடுக்கலாமா என்று பெற்றோர் சிலர் என்னிடமே கேட்டதுண்டு. நான் மருத்துவன் அல்லேன். எனினும், ஆராய்ச்சியாளர் கண்டவற்றைப் படித்தறிந்த அளவில், இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

மனம் வயிற்றைத் தாக்கும் என்பதைக் கண்ணால் கண்டு எழுதியவர் அமெரிக்க இராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட். 1822ஆம் ஆண்டில், மாக்கினாக் என்னும் தீவில், அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற தொழிலாளியின் வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. அவர் பிழைத்தார், ஆனால் இரைப்பையில் விழுந்த துளை மூடவே இல்லை. அத்துளையின் வழியே போமான்ட் பல ஆண்டுகள் செரிமானத்தை நேரே நோக்கி ஆராய்ந்து, 1833இல் ஒரு நூல் வெளியிட்டார். அம்மனிதர் சினங்கொண்டபோது இரைப்பையின் நிலை மாறியதையும், செரிமானம் கெட்டதையும் அவர் குறித்து வைத்தார்.

மனத்திலிருந்து வயிற்றுக்கு வழியுண்டு, சரி. வயிற்றிலிருந்து மனத்துக்கு வழியுண்டா? உண்டு. மூளையின் அடியிலிருந்து புறப்பட்டுக் குடல்வரை செல்லும் வேகஸ் என்ற நரம்பு அவ்வழிகளுள் ஒன்று. அதன் இழைகளில் பெரும்பாலானவை மூளையின் ஆணையைக் கீழே கொண்டு செல்பவை அல்ல. வயிற்றின் செய்தியை மேலே கொண்டு செல்பவை.

அச்செய்தியில் நுண்ணுயிர்களுக்கும் பங்குண்டு என்பதே அண்மைக் காலத்து ஆராய்ச்சியின் சாரம். 70 கிலோ எடையுள்ள மனிதன் உடம்பில் சுமார் 38 இலட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என்று 2016இல் இஸ்ரேல் நாட்டு அறிஞர்கள் கணக்கிட்டார்கள். அவனுடைய சொந்த உயிரணுக்களோ சுமார் 30 இலட்சம் கோடி. எண்ணிக்கையில் நாம் நம் உடம்பிலேயே சிறுபான்மையினர்! ஆனால் அப்பாக்டீரியாக்கள் அனைத்தின் எடையும் 200 கிராம் அளவுதான். அவற்றுள் மிகப் பெரும்பகுதி பெருங்குடலில் குடியிருக்கிறது.

இக்குடிகளைத் திருத்தி அமைக்கலாம் என்று முதலில் உரத்துச் சொன்னவர், பாரிசு நகரின் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றிய இரஷ்ய அறிஞர் மெச்னிகாவ். 1908இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். பல்கேரிய நாட்டு உழவர்கள் புளித்த பாலை உண்பதற்கும் நெடுநாள் வாழ்வதற்கும் தொடர்புண்டு என்று அவர் நம்பினார். இன்று அவ்வழி வந்த பொருள்கள் இருவகை. உயிருள்ள நல்ல நுண்ணுயிர்களையே உட்கொள்வது புரோபயாடிக். குடலில் ஏற்கெனவே உள்ள நல்ல நுண்ணுயிர்களுக்கு இரையாகும் நார்ச்சத்து முதலியவற்றை உட்கொள்வது பிரீபயாடிக். உழவர் மொழியில் சொன்னால், முன்னது விதை, பின்னது எரு.

இவற்றுக்கும் மன அழுத்தத்துக்கும் என்ன தொடர்பு? நெருக்கடி நேரும்போது மூளை ஆணையிடுகிறது. சிறுநீரகத்தின் மேலே தொப்பிபோல் அமைந்த அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் என்ற நீரைச் சுரக்கிறது. எலிகளின் உடம்பிலும் இதைப் போன்ற ஒரு சுரப்பு உண்டு. 2004இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்து அறிஞர்கள், நுண்ணுயிர் ஒன்றுகூட இல்லாமல் வளர்த்த சுண்டெலிகளை அசையவிடாமல் அடைத்து வைத்தார்கள். பிற எலிகளைவிட இவற்றுக்கு அச்சுரப்பு மிகுதியாக எழுந்தது. ஒரு குறிப்பிட்ட நல்ல பாக்டீரியாவைக் குடலில் குடியேற்றியபின் அம்மிகை தணிந்தது. 2011இல் அயர்லாந்தின் கார்க் நகரத்து ஆராய்ச்சியாளர் எலிகளுக்கு லாக்டோபேசில்லஸ் இனத்தைச் சேர்ந்த ஒரு பாக்டீரியாவை ஊட்டினர். எலிகளின் அச்சம் குறைந்தது. வேகஸ் நரம்பை அறுத்துவிட்டு ஊட்டினர், அப்பயன் காணப்படவில்லை. செய்தி எவ்வழியே சென்றது என்பது இதனால் புலனாயிற்று.

இவ்வளவில் நிறுத்தினால் கடைக்காரர் மகிழ்வார். ஆனால் எலி மனிதன் ஆகுமா? அதே கார்க் நகரத்தில், அதே பாக்டீரியாவை, உடல்நலமுள்ள ஆடவர் 29 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பெயருக்கு மட்டும் மருந்தான வெறும் பொருளையும் மாற்றிக் கொடுத்து ஒப்பிட்டார்கள். மன அழுத்தத்தில் வேறுபாடே தென்படவில்லை. அம்முடிவை மறைக்காமல் 2017இல் அவர்களே வெளியிட்டார்கள். அறிவியலின் நேர்மை என்று நான் மாணவர்க்குக் காட்ட விரும்புவது இத்தகைய செயலைத்தான்.

பிற ஆராய்ச்சிகளும் இவ்வாறே இரு பக்கமும் பேசுகின்றன. பிரான்சில் இருவகைப் பாக்டீரியாக்களைச் சேர்த்து 30 நாள் உட்கொண்டவர்களின் மனத்துயர் ஓரளவு குறைந்தது என்று 2011இல் எழுதினார்கள். அதே இரண்டையும் நியூசிலாந்தில், மனச்சோர்வுடைய 79 பேரிடம் சோதித்தபோது, வெறும் பொருளைவிட அவை மேலான பயன் தரவில்லை. அம்முடிவு 2017இல் வெளிவந்தது. எருவின் செய்தியும் அதுவே. 2015இல் ஆக்ஸ்போர்டில் 45 பேருக்கு மூன்று வாரம் பிரீபயாடிக் கொடுத்துப் பார்த்தனர். பாற்சர்க்கரையிலிருந்து செய்த ஒருவகை, காலையில் விழித்தெழும்போது சுரக்கும் கார்ட்டிசாலைக் குறைத்தது. மற்றொரு வகை குறைக்கவில்லை.

தேர்வைப் பற்றியும் ஓர் ஆராய்ச்சி உண்டு. ஜப்பானில் மருத்துவ மாணவர்கள் 47 பேர், பெருந்தேர்வுக்கு முன் எட்டு வாரம் புளித்த பாலோ அதைப் போன்றதொரு வெறும் பாலோ அருந்தினர். நுண்ணுயிருள்ள பாலை அருந்தியவர்களுக்கு வயிற்றுக் கோளாறு குறைவாக இருந்தது என்று 2016இல் வெளியிட்டனர். அப்பானத்தைச் செய்யும் நிறுவனத்தின் அறிஞர்களும் அவ்வாராய்ச்சியில் பங்கு கொண்டிருந்தனர் என்பதையும் நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

இவற்றிலிருந்து நாம் அறிவது யாது? தொடர்பு உண்டு, மருந்து இன்னும் கைவசமாகவில்லை. ஓர் இனத்து நுண்ணுயிர் செய்வதை மற்றோர் இனம் செய்யாது. சோதிக்கப்பட்டவர்கள் சிலரே, காலமும் சில வாரங்களே. எல்லார்க்கும் இது தீங்கற்றது என்றும் எண்ணிவிடலாகாது. நெதர்லாந்தில் கணையம் கடுமையாக அழன்ற நோயாளிகளுக்கு நுண்ணுயிர்க் கலவையைக் கொடுத்த சோதனையில், கொடுக்கப்பட்டவர்களுள் நூற்றுக்கு 16 பேரும், கொடுக்கப்படாதவர்களுள் நூற்றுக்கு 6 பேரும் இறந்தனர் என்று 2008இல் அறிவித்தார்கள். நலமுள்ளவர்க்குப் பொதுவாகத் தீங்கில்லை. கடும் நோயுற்றவரும் எதிர்ப்பாற்றல் குன்றியவரும் மருத்துவரைக் கேளாமல் தொடலாகாது.

உறையை விட்டு உணவுக்கு வருவோம். கார்க் நகரத்தார் 2022இல் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சியில், 45 பேருள் ஒரு பகுதியினர் நான்கு வாரம் நார்ச்சத்து மிகுந்த காய்கனி, தானியம், பருப்பு வகைகளையும் புளிக்க வைத்த உணவுகளையும் உண்டனர். தாம் உணர்ந்த மன அழுத்தம் குறைந்ததாக அவர்கள் தெரிவித்தனர்; முறையை நன்கு கடைப்பிடித்தவர்களுக்கு மிகுதியும் குறைந்தது. மற்றப் பகுதியினருக்கும் சிறிது குறைந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

இத்தகைய உணவு நமக்குப் புதிதன்று. வெங்காயமும் பூண்டும் வாழைப்பழமும் பயறும் எரு. தயிரும் மோரும் விதை. நீரூற்றி வைத்த பழைய சோற்றில் இரண்டும் உண்டு. நொதிக்கச் செய்யும் பாக்டீரியாவும், எளிதில் செரியாமல் பெருங்குடலை அடையும் மாவுப்பொருளும் அதில் இருக்கின்றன. இட்லி மாவும் நுண்ணுயிர்களால்தான் பொங்குகிறது. ஆனால் ஆவியில் வேகும்போது அவை மடிந்துவிடுகின்றன. பழைய சோறு மனநோயைத் தீர்க்கும் என்று நான் சொல்லவில்லை; அப்படிச் சொல்பவரை நம்பவும் வேண்டா. விலை உயர்ந்த உறைக்காகக் கடன்பட வேண்டியதில்லை என்று மட்டுமே சொல்கிறேன். துயரமும் உறக்கமின்மையும் வாரக்கணக்கில் நீடித்தால், மோரும் போதாது, பொடியும் போதாது. மருத்துவரிடம் செல்ல வேண்டும். அவர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டு இவற்றை நாடுதல் பெருந்தவறு.

தேர்வுக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம் என்று கேட்ட பெற்றோருக்கு நான் கூறிய விடை இதுதான். காலையில் பிள்ளைக்கு மோர் கொடுங்கள். அதில் நலமே உண்டு. ஆனால், “மதிப்பெண் குறைந்தால் வீட்டுக்கு வராதே” என்ற சொல்லையும் கூடவே கொடுத்து அனுப்பினால், எந்த நுண்ணுயிர் அதைச் செரிக்கும்?

அம்மாணவனுக்குப் பின் வந்த ஆண்டுகளில், தேர்வுக் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களை நான் சாக்குச் சொல்கிறாயா என்று கேட்டதில்லை. காற்றாட அமரச் செய்து, குடிக்க நீர் கொடுத்து, பத்து நிமிடம் தாழ்த்தி எழுதலாம் என்றேன். பலரும் எழுந்து போய் எழுதினார்கள். முதலில் வந்த அந்த ஒருவனுக்கு மட்டும் அதைச் செய்யாமற்போனேன்.