எரிவாயு நின்றால் யார் தலையில் விடியும்?

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெளிநாட்டிலிருந்து வரும் இயற்கை எரிவாயு திடீரென்று நின்றுபோனால் ஒரு நாடு எப்படிச் சமாளிக்கிறது என்பதைப் பற்றி இன்று பேசவிருக்கிறோம். 'இது மந்திரிகளும் கம்பெனிக்காரர்களும் கவலைப்பட வேண்டிய விஷயம். கூலிக்குப் போகிற நமக்கென்ன?' என்று சிலர் கேட்கலாம். எரிவாயு குறைந்த ஒவ்வொரு தடவையும், யாருக்கு முதலில் வெட்டுவது என்று மேலே இருப்பவர்கள் ஒரு பட்டியல் போடுகிறார்கள். அந்தப் பட்டியலில் நாம் எங்கே இருக்கிறோம் என்பதுதான் நம்முடைய கேள்வி.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் வீட்டுச் சிலிண்டரில் இருப்பது எல்.பி.ஜி. நாம் பேசப்போகும் இயற்கை எரிவாயு வேறு. அது பூமிக்கடியிலிருந்து எடுக்கப்படுவது, பெரும்பகுதி மீத்தேன். கடல் கடந்து வர வேண்டுமானால், பூஜ்யத்துக்குக் கீழே 162 டிகிரி வரை குளிரவைத்துத் திரவமாக்குகிறார்கள். கன அளவு 600இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதைக் கப்பலில் ஏற்றி அனுப்புகிறார்கள். 2021-22ஆம் ஆண்டில் இந்தியா உபயோகித்த இயற்கை எரிவாயுவில் ஏறத்தாழ பாதி இப்படிக் கப்பலில்தான் வந்தது.

அது நம் அடுப்புக்கு வராவிட்டாலும் நம் சோற்றுக்கு வருகிறது. யூரியா செய்ய மூலப்பொருளே இந்த எரிவாயுதான். சென்னை மணலியில் உள்ள உரத் தொழிற்சாலை 2019இல் நாப்தாவை விட்டு எரிவாயுவுக்கு மாறியது. எண்ணூர் துறைமுகத்தில் இறங்கும் வெளிநாட்டு எரிவாயுவே அங்கே போகிறது. இங்கே வங்காளத்தில் பானாகரில் உள்ள மேட்டிக்ஸ் உர ஆலையைப் பாருங்கள். கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய ஆலை, போதிய எரிவாயு கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்தது. 2021இல் குழாய் வந்து சேர்ந்த பிறகுதான் ஓடத் தொடங்கியது. ஊரில் நம் அண்ணன் தம்பி வயலில் போடும் உரமும், பர்த்துவான் பகுதி விவசாயி போடும் உரமும் ஒரே கப்பலை நம்பி இருக்கின்றன.

இனி 2022இல் நடந்ததைச் சொல்கிறோம். அரசுத் துறை நிறுவனமான கெயில், ருஷ்யாவின் காஸ்ப்ரோம் நிறுவனத்தின் சிங்கப்பூர்க் கிளையோடு 2012இல் 20 ஆண்டு ஒப்பந்தம் செய்திருந்தது. ஆண்டுக்குச் சராசரி 25 லட்சம் டன். சரக்கு 2018இல் வரத் தொடங்கியது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் யுத்தம் மூண்டது. அந்தச் சிங்கப்பூர்க் கிளை, காஸ்ப்ரோமின் ஜெர்மன் துணை நிறுவனத்தின் கீழ் இருந்தது. ஏப்ரலில் ஜெர்மன் அரசு அந்தத் துணை நிறுவனத்தைத் தன் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது. மே மாதத்தில் ருஷ்யா அதன்மீது தடை விதித்தது. பிறகு கெயிலுக்கு வரவேண்டிய கப்பல்கள் வரவில்லை. சண்டை எங்கோ, சச்சரவு யாரோடோ. வெட்டு விழுந்தது நம் நாட்டுக்கு!

நம் நாடு எப்படிச் சமாளித்தது? கெயில் உர ஆலைகளுக்குக் கொடுப்பதைச் சுமார் 10 சதவீதம் குறைத்தது. மற்றத் தொழில்களுக்கும் அளவைச் சுருக்கியது. உத்தரப் பிரதேசத்துப் பாட்டாவில் உள்ள தன் சொந்த ஆலையையும் மெதுவாக ஓட்டியது. வீட்டுக் குழாய்க்கும் வண்டிகளுக்கும் உள்நாட்டு எரிவாயுவில் முதலிடம் என்று அரசு வைத்தது. 2022 ஆகஸ்டில் அந்த ஒதுக்கீட்டைக் கூட்டியது. உரத்தின் விலையை விவசாயி தலையில் ஏற்றவில்லை, அரசே தாங்கியது. 2022-23 பட்ஜெட்டில் உர மானியத்துக்கு ஒதுக்கியது சுமார் 1.05 லட்சம் கோடி ரூபாய். கடைசியில் ஆன செலவு 2.5 லட்சம் கோடிக்கு மேல். சரியானதைச் சரியென்று சொல்ல வேண்டும். உணவுக்கும் வீட்டுக்கும் முதலிடம் தந்தது சரியான முடிவு.

பணமுள்ள நாடும் பணமில்லாத நாடும் ஒரே மாதிரி சமாளிப்பதில்லை என்பதையும் அந்த ஆண்டில் கண்டோம். ஜெர்மனிக்கு வந்த ருஷ்யக் குழாய் எரிவாயு ஜூனில் 40 சதவீதமாகவும், ஜூலையில் 20 சதவீதமாகவும் குறைந்து, ஆகஸ்ட் முடிவில் அடியோடு நின்றது. அவர்களிடம் பூமிக்கடியில் பெரிய கிடங்குகள் இருந்தன. பனிக்காலத்துக்குள் அவற்றை நிரப்பினார்கள். டிசம்பரில் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகத்தில் மிதக்கும் முனையம் ஒன்றையே திறந்துவிட்டார்கள். கேட்ட விலையைக் கொடுத்து உலகச் சந்தையில் கப்பல்களை வாங்கினார்கள். அதே ஜூலையில் பாகிஸ்தான் டெண்டர் விட்டது. ஒருவர்கூட விலை சொல்ல முன்வரவில்லை. நம் பக்கத்து வங்காளதேசம் அந்த விலைக்கு வாங்க முடியாமல் உடனடிக் கொள்முதலை நிறுத்தியது. டீசல் மின் நிலையங்களையும் மூடியது. நேரம் குறித்து மின்வெட்டு அறிவித்தது. கடைகள் இரவு 8 மணிக்கு அடைக்க வேண்டும், அரசு அலுவலகங்கள் காலை 8 முதல் மாலை 3 வரை மட்டும் என்று உத்தரவு வந்தது. ஒரு நாடு பணத்தைக் கொடுத்துச் சமாளித்தது. இன்னொன்று இருட்டைப் பங்கு போட்டுச் சமாளித்தது.

தோழர்களே, இனி நம்முடைய விஷயத்துக்கு வருகிறோம். குஜராத்தில் மோர்பி என்று ஓர் ஊர். தரைக்குப் போடும் டைல்ஸ் செய்யும் ஆலைகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. பல மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் சூளையடியில் வேலை செய்கிறார்கள். முன்பு நிலக்கரி வாயுவில் ஓடிய ஆலைகள் அவை. காற்று மாசு காரணமாக 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதைத் தடுத்தது. இயற்கை எரிவாயுவுக்கு மாறினார்கள். 2022இல் எரிவாயு விலை ஏறியதும் சரக்கு விற்காததும் சேர்ந்து, ஆகஸ்டில் ஒரு மாதம் ஆலைகளை மூடுவது என்று முதலாளிகள் கூடி முடிவு செய்தார்கள். உரத்துக்கு மானியம் உண்டு. வீட்டுக் குழாய்க்கு முதலிடம் உண்டு. மூடிய சூளையின் தொழிலாளிக்கு எந்தப் பட்டியலில் இடம்?

சட்டத்தைப் பார்ப்போம். அப்போது நடப்பில் இருந்த 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம், நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் பற்றாக்குறையால் வேலை கொடுக்க முடியாமல் லே-ஆஃப் செய்தால், அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் பாதியைத் தரவேண்டும் என்றது. ஆனால் 50 பேருக்குக் குறைவான ஆலைக்கு அது பொருந்தாது. பெயர் மஸ்டர் ரோலில் இருக்க வேண்டும். ஓராண்டு வேலை செய்திருக்க வேண்டும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பும் அந்த 50 பேர் எல்லையை விடவில்லை. ஆறு மாதம் ஓர் ஊர், அடுத்த ஆறு மாதம் வேறு ஊர் என்று மேஸ்திரியின் பின்னால் போகிறவனுக்கு இதில் என்ன கிடைக்கும்?

கெயில் சும்மா இருக்கவில்லை. லண்டன் நடுவர் மன்றத்தில் வழக்குப் போட்டது. 2025 ஜனவரியில் 28.5 கோடி டாலர் பெற்றுச் சமரசம் செய்துகொண்டது. நஷ்டப்பட்ட கம்பெனி கையில் ஒப்பந்தம் இருந்தது, அதனால் ஈடு கிடைத்தது. நஷ்டப்பட்ட கூலிக்காரன் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை!

ஆகவே நாம் கேட்பது மூன்று. ஒன்று, எரிவாயு வெட்டு வந்தால் யாருக்கு எவ்வளவு என்ற பட்டியலை முன்கூட்டியே பகிரங்கமாக வெளியிட வேண்டும். உணவும் வீடும் அதில் முதலிடத்தில் நிற்க வேண்டும். இரண்டு, எரிவாயு இல்லாமல் மூடும் ஆலையில், ஆள் எண்ணிக்கை எதுவானாலும், ஒப்பந்தத் தொழிலாளிக்கும் பாதிச் சம்பளம் உண்டு என்று சட்டம் சொல்ல வேண்டும். மூன்று, கச்சா எண்ணெய்க்கு விசாகப்பட்டினத்திலும் மங்களூரிலும் பாதூரிலும் நிலவறை வெட்டியவர்கள் எரிவாயுவுக்கும் கையிருப்பு வைக்க வேண்டும். கத்தாரிலிருந்து வரும் ஒவ்வொரு கப்பலும் ஹோர்முஸ் நீரிணை என்ற ஒரே வாசலைத் தாண்டித்தான் வெளியே வரவேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

நாம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. எந்த ஊரில் வேலைக்குச் சேர்ந்தாலும் பெயர் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். சம்பளச் சீட்டை வாங்கி வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். நெருக்கடி வரும் நாளில் பட்டியல் போடுகிறவர்கள் காகிதத்தில் உள்ள பெயர்களைத்தான் எண்ணுவார்கள். நம் பெயரும் அதில் இருக்கட்டும்.