அடைக்கலம் தேடும் பிள்ளைகள்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரெயில்வேயில் எழுத்தராய் ஊழியம் செய்யும் எளியேன், நிலையங்களில் துணையின்றித் திரியும் சிறார்களைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன்.

வேங்கடவனைத் தரிசிக்க நாடோறும் பல்லாயிரவர் வந்திறங்கும் ஊர் திருப்பதி. அக்கூட்டத்தில் வழிதவறிய குழந்தைகளும் உண்டு; வீட்டில் அடிதாங்காது வண்டியேறி வந்தவர்களும் உண்டு. இத்தகைய குழந்தையைக் கண்டால் 1098 என்னும் எண்ணுக்கோ ரெயில்வே பாதுகாப்புப் படைக்கோ உடனே அறிவித்தல் வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் குழந்தைகள் நலக்குழுவின் முன் சேர்ப்பிக்க வேண்டுமென்பது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம்.

பெற்றோர் கிடைத்தால் நன்று. கிடையாவிடில் யாது செய்வது? திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1943இல் தொடங்கிய பாலமந்திரம் போன்ற இல்லங்கள் உள்ளன. அன்றியும், குடும்பமொன்று அக்குழந்தையைச் சில காலம் தன் வீட்டில் வைத்து வளர்க்கவும் அச்சட்டம் இடந்தருகிறது. இது சுவீகாரம் அன்று. சொந்தக் குடும்பம் சீர்ப்பட்டால் பிள்ளை அங்கே திரும்பலாம். 2024ஆம் ஆண்டின் நெறிமுறைகளின்படி, 35 முதல் 60 வயது வரையுள்ள, தனித்து வாழ்வோரும் இப்பணியை ஏற்கலாம்.

அன்பர்களே, சோறும் துணியும் கொடுத்தால் போதும் என்று எண்ணற்க! வந்த பிள்ளை சோற்றைத் தலையணையின் கீழ் ஒளித்து வைப்பான், இரவில் அலறுவான், காரணமின்றிச் சினப்பான். நாம் 'நன்றிகெட்டவன்' என்போம்; 'அடியாத மாடு படியாது' என்று கையையும் ஓங்குவோம். ஆனால் சூடுண்ட பூனை அடுப்பங்கரை நாடுமோ? பசியறிந்தவன் நாளைய பசிக்கு அஞ்சி ஒளிக்கிறான். அடியறிந்தவன் கை அசைந்தாலே நடுங்குகிறான். அது குணக்கேடன்று, மனக்காயம். அடித்தால் அக்காயமே பெரிதாகும்.

இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்குள்ளான லண்டனில், அன்னா பிராய்டு அம்மையார் 1941இல் குழந்தைகள் காப்பகங்களைத் தொடங்கினார். பின்னர்க் குழந்தைகளைச் சிறு சிறு குடும்பங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தாய்போல் ஒருவரை அமர்த்தினார். பலர் மாறி மாறிப் பேணுவதினும் ஒருவரது நிலைத்த அன்பே மருந்தென்பது இதனால் விளங்கும்.

இன்று இதற்கெனச் சிகிச்சை முறையே உண்டு. அமெரிக்க அறிஞர்களான ஜூடித் கோஹன், அந்தோணி மன்னரினோ, எஸ்தர் டெப்ளிங்கர் ஆகிய மூவரும் வகுத்தது அது. பெரும்பாலும் 12 முதல் 16 அமர்வுகளில் நடைபெறும். மூச்சைச் சீராக்கி அச்சத்தைத் தணித்தல், உள்ளத்து உணர்ச்சிக்குப் பெயர் சொல்லப் பழகுதல், நேர்ந்ததைச் சிறிது சிறிதாய் வாய்விட்டுரைத்தல், 'என்னால்தான் இப்படியாயிற்று' என்னும் தவறான எண்ணத்தைத் திருத்துதல் ஆகியன அதன் படிகள். வளர்ப்போரும் உடன் பயிலுதல் இதன் சிறப்பு. பயிற்சி பெற்றவரே இதனை நடத்த வேண்டும்.

எனினும் வீட்டில் நாம் செய்யக்கூடியன உள. உணவும் உறக்கமும் குறித்த நேரத்தில் அமைக. தின்பண்டம் நிறைந்த டப்பா ஒன்று அவன் கையிலேயே இருக்கட்டும். வெளியே செல்லுமுன் திரும்பும் நேரத்தைச் சொல்லிச் செல்க. பழங்கதையைத் தூண்டித் துருவிக் கேளற்க. சிறு நற்செயலையும் உடனே பாராட்டுக.

தமிழன்றி வேறறியாத பிள்ளை இங்கே தனித்து நின்றால், அதன் துயரம் இருமடங்காகும். நாமோ தமிழும் தெலுங்கும் அறிந்தவர்கள். மொழிபெயர்த்துதவ விரும்புவோரும், பிள்ளையை ஏற்க மனமுள்ள குடும்பத்தாரும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகிப் பெயர் கொடுக்கலாம். சித்தூரிலிருந்து பிரிந்து 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று; ஆதலின் அவரவர் மாவட்ட அலுவலகத்தை நாடுக.

நம் குடியிருப்பில் இவ்வாண்டு ஒரு வீட்டின் கதவேனும் அத்தகைய பிள்ளைக்காகத் திறக்குமாயின், சங்கம் தன் பணியைச் செய்ததாகும்.