கள்ளூர் அவையமும் கைப்பேசிக் கயவரும்



அகநானூற்றின் 256-ஆம் பாட்டைப் பாடியவர் இம்மதுரை மண்ணின் புலவர், தமிழக்கூத்தனார் கடுவன் மள்ளனார். பரத்தையிற் பிரிந்து மீண்ட தலைவனைத் தோழி வாயில் மறுக்கும் மருதப்பாட்டு அது. அதனுள்ளே ஒரு வழக்கு வருகின்றது. கள்ளூர் என்னும் ஊரில் அறமற்றவன் ஒருவன் ஓர் இளம்பெண்ணின் நலத்தைக் கவர்ந்துகொண்டு, பின்பு அவளை அறியவே அறியேன் என்று பொய்ச்சூள் உரைத்தான். ஊரவை கூடிற்று, அறிந்த கரியாளரை உசாவிற்று, பொய் வெளிப்பட்டது. அவனை மரக்கிளையில் இறுகப் பிணித்துத் தலையில் நீற்றைக் கொட்டினர். அப்பொழுது அவையத்தில் எழுந்த ஆரவாரத்தைத்தான் புலவர் உவமையாக்குகின்றார்.

அந்த ஆரவாரம் யார் பக்கம் நின்று எழுந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். ‘நீ ஏன் அவனோடு பேசினாய்?’ என்று அந்த அவையில் எவரும் அப்பெண்ணைக் கேட்டதாகப் பாட்டில் இல்லை. இற்றைத் தமிழனுடைய வீட்டில் முதற்கேள்வியே அதுவாக இருக்கின்றது!

மேலூரிலும் உசிலம்பட்டியிலும் வாடிப்பட்டியிலும் இன்று திறன்பேசி புகாத வீடு அரிது. பள்ளி செல்லும் பெண்ணின் ஒளிப்படத்தை முகநூலிலிருந்தோ படவரியிலிருந்தோ எடுத்து, வேறோர் உடலோடு ஒட்டி, ‘பணம் தா, இல்லையேல் ஊர்முழுதும் பரப்புவேன்’ என்று மிரட்டுதற்கு ஒருவன் கள்ளூருக்கு வரவேண்டுவதில்லை. எங்கோ இருந்துகொண்டே அது செய்யலாம். சங்கத்தார் அம்பல் என்றும் அலர் என்றும் கூறியவை ஓர் ஊரின் எல்லைக்குள் அடங்கின. இக்கால அலருக்கு எல்லையே இல்லை.

2016-ஆம் ஆண்டு சூன் மாதம் சேலம் மாவட்டத்தில் நேர்ந்ததைப் பலரும் மறந்திருப்பர். ஓர் இளம்பெண்ணின் முகத்தை ஒட்டுப்படமாக்கி எவனோ முகநூலில் ஏற்றினான். குடும்பத்தார் காவல்துறையிடம் முறையிட்டனர். நாள்கள் கடந்தன, படம் நீங்கவில்லை, அப்பெண் உயிர் துறந்தாள். பெற்றோரே தன்னை நம்பவில்லை என்னும் வருத்தத்தை அவள் எழுதிவைத்துச் சென்றாள். காலந்தாழ்த்தியதற்காக மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். வருந்தி என்ன பயன்? அவளைக் கொன்றது அந்தப் படம் மட்டும் அன்று. வீடு நம்பாததும் காவல் நிலையம் விரையாததும் அதற்குத் துணைநின்றன.

ஆகலின், முதலில் செய்ய வேண்டியது நம்புதல். அடுத்தது கரி காத்தல். கண்ணகி இதே மதுரையில் பாண்டியன் அவையேறியபோது வெறுங்கையோடு செல்லவில்லை. ஒற்றைச் சிலம்பைக் கையிற் கொண்டு சென்றாள். முத்தோ மாணிக்கமோ என்னும் ஒரே வினாவில் வழக்கு முடிந்தது. மிரட்டல் வந்ததும் அஞ்சி அனைத்தையும் அழித்துவிடுவதே பெரும்பாலோர் வழக்கம். அது தன் கையாலேயே சிலம்பை வைகையில் எறிவது போன்றது. செய்தியையும் படத்தையும் திரைப்பிடியாக எடுத்து வையுங்கள். அனுப்பியவன் பக்கத்தின் இணைய முகவரி, தொலைப்பேசி எண், நாள், மணி ஆகியவற்றை எழுதி வையுங்கள். பணம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒருமுறை பெற்றவன் மறுமுறையும் கேட்பான்.

பிறகு முறையீடு. (இதனைப் ‘புகார்’ என்கின்றனர். அஃது உருதுவழி வந்த சொல். தமிழர்க்குப் புகார் என்பது கண்ணகி பிறந்த பட்டினம்; அவள் மதுரைக்குக் கொண்டுவந்தது முறையீடு!) 2019-ஆம் ஆண்டு ஆகசுட்டு இறுதியில் நடுவண் அரசு இணையவழிக் குற்றங்களுக்கென ஒரு வலைத்தளத்தைத் திறந்தது. மகளிர்க்கும் குழந்தைகட்கும் எதிரான குற்றங்களை அதில் பெயர் கூறாமலும் தெரிவிக்கலாம். ஆயின், பெயரின்றித் தெரிவித்தால் முறையீடு எந்நிலையில் உள்ளது என்று பின்னர்த் தொடர்ந்து பார்க்க இயலாது. பணம் பறிபோயிருந்தால் 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். அழைப்பு எவ்வளவு விரைவில் செல்கின்றதோ, அவ்வளவுக்கு அப்பணத்தை இடைவழி வைப்பகங்களில் தடுத்துவைக்க வாய்ப்புண்டு. மறுநாள் பார்க்கலாம் என்றிருந்தால் பணம் பத்துக் கணக்குகள் தாண்டியிருக்கும்.

மதுரை மாநகர்க்கும் மாவட்டத்திற்கும் இணையக் குற்றக் காவல் நிலையங்கள் தனித்தனியே உள்ளன. எனினும் எந்தக் காவல் நிலையத்திலும் முறையீடு கொடுக்கலாம். ‘இஃது எங்கள் எல்லைக்குட்பட்டதன்று’ என்று திருப்பியனுப்பச் சட்டம் இடந்தரவில்லை. முதல் தகவல் அறிக்கையைப் பதிந்து உரிய நிலையத்திற்கு அனுப்புவது அவர்தம் கடமை. மின்வழியாக அனுப்பிய முறையீட்டில் மூன்று நாள்களுக்குள் நேரிற் சென்று கையொப்பமிட வேண்டும். பதிய மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு எழுத்துவழி முறையிடலாம். அங்கும் பயனின்றேல் குற்றவியல் நடுவரை அணுகலாம்.

இவையெல்லாம் 2024 சூலை முதல் நாளில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டங்களில் உள்ளவை. அவற்றின் பெயரைக் கேளுங்கள்: பாரதிய நியாய சன்கிதா, பாரதிய நாகரிக சுரக்சா சன்கிதா! திருமங்கலத்துத் தாய் ஒருத்திக்குத் தன் மகளைக் காக்கும் சட்டத்தின் பெயர்கூட வாயில் நுழையாது. உயர்நயன்மன்றத்தில் தமிழ் வேண்டும் என்று தமிழகச் சட்டமன்றம் 2006-இலேயே தீர்மானம் இயற்றியும் இன்னும் ஒப்புதல் கிட்டவில்லை. தன் மொழியில் தன் துயரைச் சொல்ல முடியாதவள் யாங்ஙனம் துணிவு கொள்வாள்?

பரவிய படத்தை நீக்குவது தனிப்போர். உடலை வெளிக்காட்டும் படங்களை ஊறுபட்டவர் முறையிட்ட 24 மணிநேரத்திற்குள் வலைக்குழும்புகள் நீக்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு விதிகள் வகுத்தன. ஆனால் ஓரிடத்தில் நீக்கியது வேறோரிடத்தில் முளைக்கும். 2025 சூலையில் பெண் வழக்கறிஞர் ஒருவரின் வழக்கில் சென்னை உயர்நயன்மன்றம் 48 மணிநேரத்தில் படங்களை நீக்குமாறு நடுவண் அரசுக்கு ஆணையிட வேண்டியிருந்தது. சட்டம் கற்றவர்க்கே அந்நிலை. ‘இசுடாப் என்.சி.ஐ.ஐ.’ என்னும் வெளிநாட்டு அறப்பணித் தளமொன்றும் உண்டு. அது படத்தைக் கேட்பதில்லை. உங்கள் கருவியிலேயே படத்தின் எண்வடிவக் கைரேகையை மட்டும் எடுத்து, அதில் இணைந்துள்ள குழும்புகட்கு அனுப்பிப் பரவலைத் தடுக்க உதவுகின்றது.

துணைக்கு வருவோர் இல்லாமல் இல்லை. மகளிர்க்கு 181, குழந்தைகட்கு 1098, நள்ளிரவில் மனம் உடைந்து தனித்திருப்போர்க்கு 14416. இவ்வெண்களை வீட்டுச் சுவரில் எழுதி வைப்பதில் இழுக்கொன்றும் இல்லை.

இனி, பெயரைப் பற்றி ஒரு செய்தி. அகப்பாட்டில் ஒருவர் இயற்பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பிய நெறி. அதனாற்றான் கள்ளூர்ப் பெண்ணின் பெயர் இன்றளவும் எவர்க்கும் தெரியாது. ஊர் தெரியும், குற்றம் தெரியும், தண்டம் தெரியும். அவள் பெயர் மட்டும் தெரியாது. இற்றைச் சட்டமும் பாலியற் குற்றத்திற்கு ஆளானவர் பெயரை வெளியிடுவோர்க்கு ஈராண்டு வரை சிறை என்கின்றது. 2019-இல் பொள்ளாச்சி வழக்கில் முறையிட்ட பெண்ணின் பெயரைக் காவல்துறையும் அரசாணையுமே வெளியிட்டன. அதற்காக அப்பெண்ணுக்கு 25 இலக்க உருபா வழங்குமாறு ஆணையிட்டது உயர்நயன்மன்றத்தின் மதுரைக் கிளை. பெயர் வெளியானதைக் கண்டு எத்தனை பெண்கள் வாய்மூடி இருந்தனரோ, யாரறிவார்!

ஆயினும் எண்மர் வாய் திறந்தனர். முகநூல் வழியே நட்புக் கொண்டாடி, விழியம் எடுத்து, மிரட்டிச் சூறையாடிய கூட்டத்திற்கு எதிராக மூடிய மன்றில் நின்று சான்றுரைத்தனர். ஆறாண்டுகளாகியும் ஒருவரும் பிறழவில்லை. 2025 மே 13-ஆம் நாள் கோவை மகளிர் நயன்மன்றம் ஒன்பதின்மர்க்கும் சாகும்வரை சிறை விதித்தது. எண்மர்க்கும் சேர்த்து 85 இலக்க உருபா வழங்கவும் ஆணையிட்டது. அவ்வொன்பதின்மர் பெயரும் செய்தித்தாள்களில் வந்தன. எண்மர் பெயர், கள்ளூர்ப் பெண்ணின் பெயரைப் போலவே, தீர்ப்பு நாளிலும் எந்தத் தாளிலும் வரவில்லை.